மரத்தில் ஏறிய பாதங்கள்

போன கிழமை நூலகத்துக்குப் போயிருந்தேன். சிறுவர் பகுதியில் நீள மேசை போட்டு, பழைய பத்திரிகை விரித்து, சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கைகளில் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள். ஒவ்வொரு பிள்ளையும் கையை விரித்துத் தாளில் அழுத்த, அது ஓர் இலையாகிவிடும். பார்த்துக்கொண்டு நின்ற என் வலது கை, கோட்டுப் பைக்குள் தானாகவே பொத்திக்கொண்டது. வாசிக்கக் கண்ணாடி தேடுகிற வயதில் இதென்ன கூத்து என்று எனக்கே சிரிப்பு வந்தது.

என் வயதுக்காரர்களே, நீங்களும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், மல்வேர்ன் பக்கத்து மாடிக் கட்டடங்களில் வளர்ந்தவர்கள் என்றால் அந்த மணம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பெயின்ற். தூளைத் தண்ணீரில் கரைத்துத் தயிர் டப்பாக்களில் ஊற்றி வைத்திருப்பார்கள். பாதி சோக்கட்டி மணம், பாதி புளித்த மா மணம். இன்றைக்கும் அந்த மணம் பட்டால் நான் ஆறு வயதாகி, ஒரு சிறிய நாற்காலியில் போய் இருந்துவிடுவேன்.

நாங்கள் கனடா வந்து அது முதலாவது இலையுதிர்காலம். அப்பா முதலில் வந்தார். அம்மாவும் நானும் பின்னால் வந்தோம். அந்தப் பருவத்தை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு காலை எழுந்து யன்னலால் பார்த்தபோது, பேருந்துத் தரிப்பிடத்து மரம் மஞ்சளாக நின்றது. மரத்துக்குக் காய்ச்சல்போல ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவும் யன்னலுக்கு வந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றோம். எங்கள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளுத்தது, மரம் மறைந்தது, துடைக்கத் திரும்பவும் வந்தது.

பிறகு அம்மாவும் நானும் இலை பொறுக்கப் பழகிவிட்டோம். பின்னேரங்களில் கட்டடத்துக்குப் பின்னால் போவோம். வெயில் இருக்கும், சூடு இருக்காது. காலால் அளைந்தால் இலைகள் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு விலகும். நல்லதாகப் பார்த்து எடுத்துவந்து தொலைபேசிப் புத்தகத்துக்குள் வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றிவிடுவோம். வேண்டிய எண்ணைத் தேடுகிறவர் கையில் ஒரு சிவப்பு இலை வந்து விழும். அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு அதே பக்கத்தில் கவனமாகத் திருப்பி வைப்பார்.

இலைகள் நிறம் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னர் இன்னொன்று நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவருக்குக் கணினி வேலை. அவர் மனைவியை நாங்கள் இந்தியா அன்ரி என்போம். ஒருநாள் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் குந்தியிருந்து, கையைப் பொத்தி, குத்துகிற பக்கத்தை விட்டுச் சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாக் கரைசலில் தோய்த்து, தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தார். பிறகு விரல் நுனியால் மேலே ஐந்து பொட்டு. அவ்வளவுதான், ஒரு குழந்தையின் பாதம் வந்துவிட்டது. ஒன்று இடம், ஒன்று வலம். வாசலில் இருந்து குசினி அடுப்பு வரைக்கும் ஒரு குட்டிப் பிள்ளை நடந்து போயிருந்தது.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிருஷ்ணர் வெண்ணெய் திங்க உள்ளே போகிறார் என்றார் அன்ரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை, அதனால் எனக்கு அது சுத்த மந்திரமாகவே தெரிந்தது. வாசலுக்கு வெளியேயும் நாலைந்து பாதம் வைத்திருந்தார், கட்டடத்துப் பொதுக் கம்பளத்தில். பின்னேரமே பராமரிப்பாளர் வந்து முணுமுணுத்துக்கொண்டு மெஷினால் அவற்றை உறிஞ்சிவிட்டார். கிருஷ்ணர் லிஃப்ட்டில் ஏறவில்லை என்று அன்ரி சிரித்தார்.

இனிப் பள்ளிக்கூடம். எங்கள் ஒன்றாம் வகுப்பு ரீச்சர் உயரமானவர், மெல்லப் பேசுவார், கழுத்தில் கண்ணாடிக்கு ஒரு சங்கிலி. எனக்கு அவருடைய ஆங்கிலத்தில் பாதி விளங்கும், மீதியை முகத்தில் வாசிப்பேன். மண்ணிறத் தாள் சுருளை வெட்டிக் கிளைகள் செய்து, வகுப்பு முழுவதன் கைகளையும் இலைகளாக வைத்துப் பெரிய மரம் ஒன்று செய்யப் போகிறோம் என்றார். உடுப்பு பழுதாகாமல் இருக்க எல்லோரும் தகப்பனின் பழைய சேர்ட் ஒன்று கொண்டுவர வேண்டும், பின்புறம் முன்னாகப் போட்டுக்கொள்ள.

பழைய சேர்ட் என்றால் எங்களிடம் எல்லாமே பழையவைதான். அம்மா அலுமாரியின் அடியில் இருந்து ஒன்றை எடுத்தார். வெள்ளைச் சேர்ட். அப்பா விமானத்தில் வந்தபோது போட்டிருந்தது. பிறகு ஒருநாளும் அவர் அதைப் போடவில்லை. வலது மணிக்கட்டில், எத்தனை முறை தோய்த்தும் போகாத ஒரு கறுப்புத் தடம் இருந்தது. விமான நிலையத்தில் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதித்தபோது பட்டது.

அப்பாவின் அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஆனால் ஒரே அறையில் மூன்று பேர் படுத்தெழும்பும் வீட்டில் பிள்ளைக்குத் தெரியாதது என்ன இருக்கும்? அவர் வந்த கடவுச்சீட்டு வேறொருவருடையது. கவுண்டரில் நின்ற அதிகாரியைக் கண்டதும் பயத்தில் அந்தப் பெயரையே தன் பெயராகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே உண்மையைச் சொல்லித் திருத்திக்கொண்டார் என்றாலும் அந்த ஒரு பொய் அவரை விடவில்லை. எங்கள் மூவரின் அகதி வழக்கும் அப்போது முடிவாகாமல் கிடந்தது. தபால்காரர் வரும் நேரமெல்லாம் அப்பாவின் முகம் மாறும்.

சனிக்கிழமை அம்மா சேர்ட்டைத் தோய்த்துக் காயப்போட்ட நேரம், கீழ்மாடியில் இருந்து கேஸ் அங்கிள் வந்திருந்தார். அவருக்கு அந்தப் பெயரைக் கட்டடம் முழுக்கச் சேர்ந்து வைத்திருந்தது. தன்னுடைய வழக்கு முடிந்த கையோடு மற்ற எல்லோருடைய வழக்கிலும் மூக்கை நுழைத்துக்கொண்டவர். நல்ல மனுசன். வழக்கறிஞரிடம் போக மொழி தெரியாதவர்களுக்குப் பேருந்தில் கூடவே போய் வருவார். ஆனால் தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது.

நான் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை எல்லோருடைய கையிலும் பெயின்ற் பூசித் தாளில் பதித்து எடுக்கப் போகிறார்கள், என்னுடையதும் வரும் என்று துள்ளித் துள்ளிச் சொன்னேன். அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

கேஸ் அங்கிள் நிமிர்ந்து இருந்தார். "உது சும்மா விளையாட்டில்லை. பிள்ளையின்ர ரேகையும் தேப்பன்ர ரேகையும் பொருந்தும். பள்ளிக்கூடத்தில எடுத்து உங்கட ஃபைலோட வைச்சுப் பாப்பினம். கேஸ் முடியுமட்டும் பிள்ளையின்ர கையைக் குடுக்காதேங்கோ."

இப்போது நினைத்தால் சிரிப்புத்தான். கைரேகை பார்க்கிற சாத்திரியையும் விமான நிலையத்து மைப் பெட்டியையும் ஒன்றாகக் கரைத்து அவர் ஊற்ற, படித்த மனிதரான என் அப்பா அப்படியே குடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கிருந்து வந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பெயர் பதிந்தாலே பயம், கை பதிந்தால் கேட்கவா வேண்டும்? அம்மா மட்டும், சின்னப் பிள்ளைகளின் கையை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று மெல்லக் கேட்டார். அதற்கும் அங்கிளிடம் பதில் இருந்தது.

அவர் போனபின் அப்பா என் முன்னால் குந்தியிருந்தார். என் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் கைக்குள் வைத்து மூடினார்.

"குஞ்சு, பள்ளிக்கூடத்தில கையை இப்பிடியே பொத்தி வைச்சிரு. ஆர் கேட்டாலும் விரிக்கக்கூடாது. விரிச்சியெண்டா அப்பாவைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். ஒருத்தருக்கும் ஏனெண்டு சொல்லவும் கூடாது."

அவர் கை சோப்பு மணத்தது. உணவகமொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலம். தோல் உரிந்து, வெடித்து, அரம்போல இருக்கும். ஆனால் அந்தக் கைக்குள் என் கை கதகதப்பாக இருந்தது. நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அப்பாவின் சேர்ட்டைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு, நீண்ட கையை மடித்து மடித்துவிட்டு, நான் வரிசையில் நின்றேன். ரீச்சர் ஒரு தட்டில் சிவப்புப் பெயின்ற் வைத்திருந்தார், தோசைமாப் பதத்தில். எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் கூசிக் கூசிச் சிரித்தார்கள். என் முறை வந்தது. நான் கையைக் கொடுக்கவில்லை. ரீச்சர் சிரித்துக்கொண்டு என் கையைத் தொட்டார். விரல்களைத் திறக்கப் பார்த்தார். நான் அழுத அழுகையில் வகுப்பே நின்றுவிட்டது.

ரீச்சர் என்னைப் பார்த்தார், சிவப்புத் தட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளங்கிவிட்டது. சட்டென்று தட்டை எடுத்துப்போய் யன்னலின் மேல்விளிம்பில் வைத்தார். திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மன்னித்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போர் நடக்கும் நாட்டுப் பிள்ளை, சிவப்பைக் கண்டு இரத்தம் என்று பயந்துவிட்டது என்பது அவர் எண்ணம். இது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான்: என்னால் மற்றப் பிள்ளைகளுக்குச் சிவப்பு இல்லாமல் போய்விட்டது. மீதி வகுப்பு முழுக்க மஞ்சளில் கை பதித்தது, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

அந்தக் கிழமை முழுதும் நான் கையைப் பொத்தியே வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றுதான் அப்பா சொன்னார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று பேருந்திலும் பொத்தினேன், கடையிலும் பொத்தினேன். இடது கையால் சோறு தின்னப் போய் அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். படுக்கையிலும் கையைத் தலையணைக்கு அடியில் பொத்தி வைத்துத்தான் உறங்கினேன். கனவில் மஞ்சள் கைகள் பேருந்துத் தரிப்பிடத்து மரத்தில் இருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து, தரையைத் தொடாமல் எங்கள் யன்னல் பக்கமாகவே மிதந்துகொண்டிருந்தன. ஒரு கையும் உள்ளே வரவில்லை. வெப்பக் குழாய்கள் டிக் டிக் என்று சூடேறும் சத்தம் மட்டும் கேட்டது.

மரம் வகுப்பறைச் சுவரில், தரைவரை ஒட்டிய பெரிய தாளின்மேல் ஏறிவிட்டது. நல்ல வடிவான மரம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து தன் கையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் தன் கையை வைத்துப் பார்க்கும். என் பக்கத்துக் கதிரைச் சிறுமி, எனக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதி, என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இது அவள் கை, இது இவன் கை. வகுப்பில் உள்ள எல்லோரும் மரத்தில் இருக்கிறார்கள் என்றாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஒரு தாழ்ந்த கிளைக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டாள். உனக்கு இங்கே இடம் இருக்கிறது என்றாள். அவள் நல்ல மனதோடு சொன்னாள். கையை விரித்தால் அப்பா இல்லை. விரிக்காவிட்டால் நான் அந்த வகுப்பிலேயே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மேசையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்வார்கள். யன்னலால் வந்த வெயில் மேசையில் விழுந்து என் பொத்திய கையின்மேல் ஏறியது. கன்னத்தை மேசையில் வைத்தபடி நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாய்வில், அந்த அரைத் தூக்கத்தில், அது கை மாதிரித் தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் குதிகால். மேலே மடிந்த விரல்கள். இந்தியா அன்ரி வீட்டு வாசலில் இருந்து யாரோ நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் எழும்பி ரீச்சரிடம் போய், யன்னல் மேல்விளிம்பில் இருந்த தட்டைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் காட்டினேன். சிவப்பு, என்றேன் ஆங்கிலத்தில். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். தட்டை இறக்கி, ஏடு படர்ந்திருந்த பெயின்ற்றில் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தந்தார். நான் அப்பாவின் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, அந்தத் தாழ்ந்த கிளைக்குக் கீழே போய் நின்று, வலது கையைத் திறக்காமலே தோய்த்து அழுத்தினேன். பிறகு இடது. பிறகு வலது. பத்திரமாக இருக்க வேண்டுமே, விரல் நுனியும் படக்கூடாது என்று, பொட்டுகளைத் தூரிகையின் மரக் காம்பால் வைத்தேன். வெறும் இடத்தில் இருந்து கிளைவரை குட்டிச் சிவப்புப் பாதங்கள் ஏறிப் போயின. வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

பெற்றோர் வரும் மாலை அடுத்ததாக வந்தது. அம்மா சேலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டு வந்தார். அப்பா வேலையிலிருந்து நேரே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். வகுப்பறை வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். உள்ளே, ரீச்சர் ஒரு தட்டில் மண்ணிறப் பெயின்ற்றோடு நின்றுகொண்டிருந்தார். மரத்துக்கு அடிமரம் இல்லை. அதைப் பெற்றோரின் கைகளால் செய்வது அவர் திட்டம். தாய் தகப்பன்மார் சிரித்துச் சிரித்துக் கைகளைப் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் ரீச்சர் எங்களைக் கண்டு, ஓடிவந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ரீச்சர் எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சிவப்புப் பாதங்களைக் காட்டினார்.

அப்பா குனிந்து பார்த்தார். "உது ஆரின்ர கால்?"

"கால் இல்லை அப்பா, கை. நான் விரிக்கேல்ல." நான் பொத்திய கையை அவருக்கு உயர்த்திக் காட்டினேன். "ஒருக்காலும் விரிக்கேல்ல. படுக்கேக்கையும் விரிக்கேல்ல."

அவர் பாதங்களைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் பாதங்களைப் பார்த்தார். பிறகு வேலைச் சேர்ட்டின் கையை முழங்கைவரை சுருட்டினார். ரீச்சரின் தட்டில் வலது கையை விரித்து வைத்தார். முழந்தாளிட்டு, அந்தப் பாதங்களின் முதல் அடிக்கு நேர் கீழே, உள்ளங்கையைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. விமான நிலையத்தில் யாரோ அவர் விரல்களைப் பிடித்து உருட்டினார்கள். இங்கே அவராக வைத்தார், தனக்கு ஆபத்து என்று நம்பிக்கொண்டே வைத்தார். அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கையை எடுத்ததும் அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பெயின்ற் தடிப்பாக அப்பியிருந்தது. ஒரு ரேகைகூட விழவில்லை. சுற்றியிருந்த எல்லாக் கைகளையும் பார்த்தார். எதிலும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணைப் புறங்கையால் துடைத்தார், மண்ணிறம் கன்னத்தில் இழுபட்டது.

"இனி விரி, குஞ்சு," என்றார்.

எனக்கு உடனே விரிக்க வரவில்லை. பழகிவிட்டது. அவர்தான் ஒவ்வொரு விரலாகத் திறந்துவிட்டார். உள்ளங்கை வியர்த்து வெளிறி, நகம் பட்ட தடங்களோடு இருந்தது. அவர் குனிந்து அதில் ஊதினார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அம்மா நெடுநேரம் யோசித்துக்கொண்டு வந்தார். கடைசியில், "அந்த ரீச்சருக்கு வீட்டில ஏதோ கரைச்சல் போல. பாவம், ஒரு நாளைக்கு ஏதும் செய்து குடுக்க வேணும்," என்றார். அடுத்த கிழமையே ஒரு டப்பா நிறைய வடை போனது. ரீச்சர் அதை, தன்னால் ஒரு பிள்ளையின் பயம் போனதற்கான நன்றி என்று எடுத்துக்கொண்டிருப்பார். யாரும் யாரையும் திருத்தவில்லை. அவரவர் நினைத்ததில் அன்பு இருந்தது, அது போதுமாயிருந்தது.

குளிர்கால விடுமுறைக்கு முன் மரம் இறங்கிவிட்டது. சுவரில் பஞ்சு ஒட்டிய பனிமனிதர்கள் ஏறினார்கள். மரம் எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்க அப்போது ஆங்கிலம் போதவில்லை. வெள்ளைச் சேர்ட், அதன் மைத்தடத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் சேர்ந்துகொண்டு, இரண்டு மூன்று வீடு மாறிய பிறகு காணாமல் போனது. வழக்கு ஒருவாறு வென்றது. கேஸ் அங்கிள் தன் யோசனையால்தான் வென்றது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுக்கவே இல்லை.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அவருக்கு ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தேன், விரல் வைத்தால் திறக்கிற மாதிரி. அவர் விரலுக்கு அது திறக்கவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது, வலது, துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தோம். அத்தனை வருடம் சுடுநீரிலும் சோப்பிலும் கிடந்த விரல்களில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. இந்தக் கையை நினைத்தா ஒருகாலத்தில் அவ்வளவு பயந்தோம் என்று எனக்குக் கண் கலங்கியது. கடைசியில் என் விரலை அதில் பதித்துவிட்டேன்.

இன்று காலையும் வந்து ஃபோனை நீட்டினார். நான் அடுப்படியில் நின்றபடியே, ஈரக் கையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தேன். திறந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கையைப் பார்த்தார்.

"கேஸ் அங்கிள் சொன்னது சரிதான், குஞ்சு," என்றார். "பொருந்துது."